ஒரு தகவலுக்கு ஓர் இடம்: காம்பொனென்ட் ஸ்டேட் என்றால் என்ன?

ரயில் டிக்கெட் முன்பதிவு செய்யும் இணையப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பயணியின் பெயர், வயது, பாலினம் கேட்கும் ஒரு வரிசை இருக்கிறது. "பயணியைச் சேர்" என்ற பொத்தானை அழுத்தினால் அதன் அடியில் இன்னொரு வரிசை முளைக்கிறது. தவறிச் சேர்த்துவிட்டால் ஓரத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தி நீக்கிவிடலாம். பொது ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட்டுக்கு 6 பேர் வரை, தட்கலில் 4 பேர் வரை. வரம்பைத் தொட்டதும் சேர்க்கும் பொத்தான் மங்க வேண்டும். கீழே மொத்தக் கட்டணம் தெரிய வேண்டும். "தொடர்க" என்று அழுத்தியதும் சுழலும் வட்டம் வர வேண்டும். சர்வர் மறுத்தால் சிவப்பு எழுத்தில் காரணம் வர வேண்டும்.

இந்தப் பக்கத்தின் நிறத்தையும் எழுத்தளவையும் இடைவெளியையும் ஒருமுறை அமைத்துவிட்டால் அந்த வேலை முடிந்தது. பாடுபடுத்துவது வேறொன்று. பயனர் கைவைக்கும் ஒவ்வொரு முறையும் பக்கத்துக்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: இதுவரை சேர்ந்த பயணிகள் யார் யார், எந்த ஒதுக்கீடு, கோரிக்கை சர்வருக்குப் போய்விட்டதா, பதில் வந்துவிட்டதா. இப்படி நேரத்துக்கு நேரம் மாறுவதும், மாறியவுடன் திரையையும் மாற்ற வேண்டியதுமான தகவலைத்தான் நிரலாளர்கள் ஸ்டேட் என்கிறார்கள். இரண்டு தகுதிகளும் வேண்டும். பக்கத்தின் தலைப்பு மாறுவதே இல்லை. அது ஸ்டேட் அல்ல. பின்னணியில் ஓடும் டைமரின் அடையாள எண் மாறும், ஆனால் யார் கண்ணிலும் படாது; அதுவும் ஸ்டேட் அல்ல.

விளக்குவதற்கு ரியாக்டை, அதாவது இணையப் பக்கங்களின் திரையை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை, எடுத்துக்கொள்கிறேன். புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்கள் பலரும் முதலில் தொடுவது அதைத்தான். ஆனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அதே வேலைக்கான வியூ, ஸ்வெல்ட், ஆங்குலர் போன்ற மற்றக் கருவிகளுக்கும் பொருந்தும். சொல்ல வருவது சின்ன விஷயம்தான்: ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே ஓர் இடம் இருக்கட்டும். மற்றதெல்லாம் அந்த இடத்திலிருந்து கணக்கிட்டு வரட்டும்.

திரையே நினைவாக இருந்த காலம்

2006இல் ஜான் ரெசிக் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை வெளியிட்டார். பக்கத்தில் ஓர் உறுப்பைத் தேடிப் பிடித்து மாற்றுவது அதற்குப் பிறகு மிகவும் எளிதாகிவிட்டது. "பயணியைச் சேர்" பொத்தானுக்கு அந்த முறையில் எழுதும் நிரல் ஏறத்தாழ இப்படிப் போகும்: பட்டியலின் அடியில் ஒரு வரிசையை ஒட்டு, வரிசைகளை எண்ணு, 6 ஆகிவிட்டால் பொத்தானை மங்கவை, கட்டணப் பெட்டியில் இருக்கும் எழுத்தைப் படித்து எண்ணாக மாற்று, ஒருவருக்கான கட்டணத்தைக் கூட்டு, திரும்ப எழுது. நீக்கும் பொத்தானுக்கு இதே வேலைகள் தலைகீழாக. ஒதுக்கீட்டை மாற்றும்போது இன்னொரு முறை. எத்தனை பயணிகள் என்ற தகவல் தனியாக எங்கேயும் இல்லை. திரையில் எத்தனை வரிசைகள் இருக்கின்றனவோ அதுதான் கணக்கு.

சின்னப் பக்கத்துக்கு இது போதும். இன்றும் போதும், ஒரு பட்டியலைத் திறந்து மூடுவதற்காக மட்டும் ரியாக்டைக் கொண்டுவருவது வீண் என்பேன். ஒரே தகவல் பல இடங்களில் தெரிய வேண்டியிருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இதற்குப் பேர்போன உதாரணம் ஃபேஸ்புக்கின் அரட்டை. மேலே உள்ள சின்னத்தில் புதிய செய்தி வந்திருப்பதாக எண் தெரியும். திறந்து பார்த்தால் புதிதாக ஒன்றும் இருக்காது. எண் மறையும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வரும். பொறியாளர்கள் சரிசெய்வார்கள், சில காலம் ஒழுங்காக ஓடும், பிறகு அதே பிழை வேறொரு பக்கமாகத் தலைகாட்டும். 2014இல் தங்கள் எஃப்8 நிரலாளர் மாநாட்டில் ஃப்ளக்ஸ் என்ற வடிவமைப்பை அறிமுகப்படுத்தியபோது அவர்களே இந்தக் கதையை மேடையில் சொன்னார்கள். ஒரு செய்தி வந்தால் படிக்காதவற்றின் எண்ணிக்கையையும், உரையாடல் பட்டியலையும், திறந்திருக்கும் அரட்டைப் பெட்டியையும் தனித்தனியே புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஒன்று விட்டுப்போனால் மற்ற இரண்டோடு அது முரண்படும். நிரலாளர்கள் கவனமில்லாதவர்கள் என்பதல்ல காரணம். ஒரே உண்மையை மூன்று இடங்களில் எழுதி வைத்தால் எந்தத் திறமைசாலியும் என்றாவது ஒருநாள் ஓரிடத்தை மறப்பார்.

அதற்கு ஓராண்டு முன்பு, 2013 மே மாதத்தில், அதே நிறுவனத்தின் ஜோர்டன் வாக் உருவாக்கிய ரியாக்ட் திறமூலமாக வெளிவந்திருந்தது. அதன் அடிப்படை யோசனை இதுதான்: திரையை நீங்கள் மாற்றாதீர்கள். ஸ்டேட் இப்படி இருந்தால் திரை எப்படித் தெரிய வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். ஸ்டேட் மாறும்போதெல்லாம் ரியாக்ட் உங்கள் விவரிப்பை மறுபடி ஓட்டி, போன முறை கிடைத்ததோடு ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களை மட்டும் உலாவியில் திருத்தும். சேர்ப்பதற்கு ஒரு நிரல், நீக்குவதற்கு அதன் தலைகீழ் நிரல் என்ற பேச்சே போய்விடுகிறது. பட்டியலில் மூவர் இருந்தால் மூன்று வரிசைகள். இருவர் என்றால் இரண்டு.

காம்பொனென்ட்டும் அதன் நினைவும்

திரையின் ஒரு துண்டை விவரிக்கும் ஃபங்ஷன்தான் காம்பொனென்ட். நம் பக்கத்தில் "பயணி வரிசை" ஒரு காம்பொனென்ட், "கட்டணச் சுருக்கம்" ஒன்று, எல்லாவற்றையும் உள்ளடக்கும் "முன்பதிவுப் படிவம்" ஒன்று. மேலே இருக்கும் காம்பொனென்ட் கீழே இருப்பதற்குக் கொடுத்துவிடும் தகவலுக்கு ப்ராப்ஸ் என்று பெயர். ப்ராப்ஸ் வெளியிலிருந்து வருவது. வாங்கிக்கொண்டவர் அதைத் திருத்தக்கூடாது. ஸ்டேட் காம்பொனென்ட்டின் சொந்த நினைவு. அதை மாற்றும் உரிமையும் அதற்கே.

சாதாரண மாறி ஒன்றை ஃபங்ஷனுக்குள் வைத்துக்கொண்டால் என்ன என்று யாரும் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இரண்டு தடைகள் இருக்கின்றன. ரியாக்ட் உங்கள் ஃபங்ஷனை ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் உள்ளே இருக்கும் மாறிகள் புதிதாகப் பிறக்கின்றன. மூன்று பயணிகளைச் சேர்த்தாலும் அடுத்த ஓட்டத்தில் பட்டியல் காலியாகத்தான் தொடங்கும். இரண்டாவது தடை, மாறியை மாற்றியது ரியாக்டுக்குத் தெரியவே தெரியாது. அதனால் திரையைத் திரும்ப வரையவும் மாட்டாது.

இரண்டையும் தீர்ப்பது ரியாக்ட் தரும் யூஸ்ஸ்டேட் என்ற ஃபங்ஷன். தொடக்க மதிப்பைக் கொடுத்து அதைக் கூப்பிட்டால் இரண்டு பொருட்கள் திரும்பி வரும்: இப்போதைய மதிப்பு, அதை மாற்றச் சொல்லும் ஒரு ஃபங்ஷன். முதலாவதைப் "பயணிகள்" என்றும் இரண்டாவதைப் "பயணிகளை மாற்று" என்றும் அழைப்போம். நீங்கள் கொடுத்த தொடக்க மதிப்பு முதல் ஓட்டத்துக்கு மட்டும். அடுத்தடுத்த ஓட்டங்களில் ரியாக்ட் அதைக் கண்டுகொள்ளாது. தான் வைத்திருக்கும் மதிப்பையே தரும். இந்த வசதி ஹுக்ஸ் என்ற பெயரில் 2019 பிப்ரவரியில், ரியாக்டின் 16.8 பதிப்பில் வந்தது. அதற்கு முன்பு ஸ்டேட் வேண்டுமென்றால் காம்பொனென்ட்டை கிளாஸாக எழுத வேண்டியிருந்தது. பழைய பாடங்களில் அந்த வடிவம் கண்ணில் பட்டால் திகைக்க வேண்டாம்.

ஃபங்ஷன் முடிந்த பிறகு மதிப்பு எங்கே இருக்கிறது? ரியாக்டிடம். அது காம்பொனென்ட் மரத்தில், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த காம்பொனென்ட்டுகளின் அடுக்கில், எந்த இடத்தில் உங்கள் காம்பொனென்ட் நிற்கிறது என்பதை வைத்தும், அதற்குள் யூஸ்ஸ்டேட்டை எத்தனையாவதாகக் கூப்பிட்டீர்கள் என்ற வரிசையை வைத்தும் மதிப்பை அடையாளம் காண்கிறது. மாறியின் பெயர் அதற்குத் தெரியாது. அதனால்தான் யூஸ்ஸ்டேட்டை "இஃப்" நிபந்தனைக்குள்ளோ சுற்றுக்குள்ளோ வைக்கக்கூடாது என்ற விதி. ஓர் ஓட்டத்தில் மூன்று அழைப்புகள், அடுத்ததில் இரண்டு என்றால் எது யாருடையது என்று ரியாக்டுக்குக் குழம்பிவிடும். இதை மனப்பாடம் செய்ய வேண்டிய விதியாக மட்டும் சொல்லிக்கொடுக்கிறார்கள். காரணம் தெரிந்தால் மறக்காது.

மரத்தில் நிற்கும் இடம்தான் அடையாளம் என்பதால் இன்னொன்றும் வருகிறது: ஒரே "பயணி வரிசை" காம்பொனென்ட்டை மூன்று முறை பயன்படுத்தினால் மூன்றுக்கும் தனித்தனி நினைவு. ஒன்றில் பெட்டியை விரித்தால் மற்றவை விரியாது.

மாற்றச் சொன்னதும் மாறுவதில்லை

புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. எண்ணிக்கை 0 ஆக இருக்கிறது. பொத்தானை அழுத்தும்போது ஓடும் நிரலில் "எண்ணிக்கையை, எண்ணிக்கை கூட்டல் 1 ஆக்கு" என்று மூன்று முறை எழுதுகிறீர்கள். 3 வரும் என்று எதிர்பார்த்தால் 1 வருகிறது. அடுத்த வரியிலேயே உலாவியின் கன்சோலில் (நிரலாளருக்கான செய்திப் பலகையில்) அச்சிட்டுப் பார்த்தால் இன்னும் 0 என்று காட்டுகிறது.

ரியாக்டில் பிழையில்லை. ஓர் ஓட்டத்தின்போது உங்கள் கைக்கு வந்த "எண்ணிக்கை", அந்தத் தருணத்தைப் பிடித்த புகைப்படம் போன்றது. அதற்குள் 0 என்றால் அந்த ஓட்டம் முழுவதும் 0தான். ஆகவே மூன்று வரிகளும் "0 கூட்டல் 1" என்றே கணக்கிட்டு, "1 ஆக்கு" என்ற ஒரே கோரிக்கையை மூன்று முறை வைக்கின்றன. மாற்றும் ஃபங்ஷன் எதையும் உடனே மாற்றுவதில்லை. அடுத்த ஓட்டத்துக்கான கோரிக்கையைப் பதிவு செய்கிறது. உங்கள் நிரல் ஓடி முடிந்ததும் ரியாக்ட் எல்லாக் கோரிக்கைகளையும் சேர்த்து எடுத்து ஒரே முறை திரையை வரைகிறது. 2022இல் வந்த 18ஆம் பதிப்பிலிருந்து, சர்வர் பதிலுக்குக் காத்திருந்து ஓடும் நிரலிலும் டைமருக்குள்ளும்கூட இப்படித்தான். அதற்கு முன்பு அங்கெல்லாம் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாக வரையும்.

பழைய மதிப்பை வைத்துப் புதியதைக் கணக்கிட வேண்டுமானால் மதிப்புக்குப் பதிலாக ஒரு ஃபங்ஷனைக் கொடுக்கலாம்: "அப்போது என்ன இருக்கிறதோ அதோடு 1 கூட்டு" என்று. ரியாக்ட் அவற்றை வரிசையாக ஓட்டும், 3 கிடைக்கும்.

இங்கே ஓர் இடைச்செருகல். நிரலை எழுதிப் பார்க்கும் உருவாக்கச் சூழலில் ஸ்ட்ரிக்ட் மோட் என்ற சோதனை வசதி இயங்கினால் ரியாக்ட் உங்கள் காம்பொனென்ட்டை வேண்டுமென்றே இரண்டு முறை ஓட்டிப் பார்க்கும். ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடை வருகிறதா என்ற சோதனை அது. கன்சோலில் ஒரு வரி இரண்டு முறை அச்சானால் பயந்து ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்துவிடாதீர்கள்.

பட்டியலோ ஆப்ஜெக்ட்டோ ஸ்டேட்டாக இருந்தால் இன்னொரு ஒழுங்கும் வேண்டும்: உள்ளே கைவைக்காமல் புதிதாக ஒன்றை உருவாக்கிக் கொடுக்க வேண்டும். பயணிகள் பட்டியலில் "புஷ்" செய்துவிட்டு (அதன் கடைசியில் ஒருவரைச் சேர்த்துவிட்டு) அதே பட்டியலை மாற்றும் ஃபங்ஷனிடம் கொடுத்தால் திரை அசையாது. ரியாக்ட் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. பழையதும் புதியதும் நினைவகத்தில் ஒரே பொருளா என்று மட்டும் ஒப்பிடுகிறது. ஒரே பட்டியல் என்றால் எதுவும் மாறவில்லை என்று முடிவு கட்டிவிடும். பழைய பட்டியலின் உறுப்புகளையும் புதியவரையும் சேர்த்துப் புதுப் பட்டியல் செய்யுங்கள். நீக்குவதற்கு "ஃபில்டர்", ஒருவரைத் திருத்துவதற்கு "மேப்" என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். ஆப்ஜெக்ட்டுக்குள் ஆப்ஜெக்ட்டாக ஆழம் கூடினால் இது எரிச்சலூட்டும். அப்போது இம்மர் என்ற சிறு நூலகம் உதவும். ஆனால் அவ்வளவு ஆழம் தேவையா என்று முதலில் பாருங்கள்.

எது ஸ்டேட் அல்ல?

புதியவர் ஒருவரின் நிரலைப் பார்க்கக் கிடைத்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்: ஸ்டேட்டாக இருக்க வேண்டாதவை எத்தனை ஸ்டேட்டாக இருக்கின்றன? நம் படிவத்தை அவர் இப்படி எழுதியிருப்பார்: பயணிகள் ஒரு ஸ்டேட், பயணிகளின் எண்ணிக்கை ஒரு ஸ்டேட், மொத்தக் கட்டணம் ஒன்று, வரம்பு ஒன்று, சேர்க்கும் பொத்தான் மங்கியிருக்கிறதா என்பது ஒன்று.

இவற்றில் முதலாவது மட்டும்தான் ஸ்டேட். எண்ணிக்கை பட்டியலின் நீளம். கட்டணம் என்பது நீளத்தை ஒருவருக்கான கட்டணத்தால் பெருக்கினால் வருவது. வரம்பு ஒதுக்கீட்டைப் பொறுத்தது: தட்கல் என்றால் 4, இல்லையென்றால் 6. பொத்தான் மங்குவது நீளம் வரம்பைத் தொட்டுவிட்டதா என்ற ஒப்பீடு. ஆக, பயணிகளையும், பயனர் தேர்ந்தெடுக்கும் ஒதுக்கீட்டையும் ஸ்டேட்டாக வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் ஒவ்வோர் ஓட்டத்திலும் சாதாரண மாறிகளாகக் கணக்கிட்டுக்கொள்ளக்கூடியவை. ஆறு பேரைக் கூட்டிப் பெருக்குவது கணினிக்கு ஒரு வேலையே அல்ல.

தனித்தனியாக வைத்தால் என்ன கெடும்? சேர்க்கும்போது கட்டணத்தைக் கூட்டுகிறீர்கள், நீக்கும்போது குறைக்கிறீர்கள். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் வந்து "எல்லாரையும் நீக்கு" என்று ஒரு பொத்தான் வைக்கிறார். கட்டணத்தைச் சுழியமாக்க மறக்கிறார். காலியான பட்டியலுக்குக் கீழே 1,600 ரூபாய் என்று நிற்கிறது. ஃபேஸ்புக்கின் பேய் எண்ணுக்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம். ரியாக்ட் வந்துவிட்டதால் இந்தப் பிழை ஒழிந்துவிடவில்லை. திரையில் இருந்த பிரதிகளை அது ஒழித்தது. ஸ்டேட்டுக்குள் நீங்களே பிரதியெடுத்தால் அதற்கு அது பொறுப்பல்ல.

சிலர் இதைச் சரிசெய்ய, திரை வரைந்த பிறகு ஒரு நிரலை ஓட்டும் யூஸ்எஃபெக்ட்டைக் கொண்டுவருவார்கள்: பயணிகள் மாறும்போதெல்லாம் ஓடி மொத்தத்தைப் புதுப்பித்துவிடு என்று. ஓடத்தான் செய்யும். ஆனால் முதலில் பழைய மொத்தத்தோடு ஒரு முறை வரைந்து, பிறகு எஃபெக்ட் ஓடி, புதிய மொத்தத்தோடு இன்னொரு முறை வரையும். ஒரு பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு இவ்வளவு ஊர்வலம் எதற்கு?

கணக்கிட்டுக்கொள்ளும் முறையின் அழகு ஒதுக்கீட்டை மாற்றும்போது தெரியும். பயனர் பொது ஒதுக்கீட்டில் ஐந்து பேரைச் சேர்த்துவிட்டுத் தட்கலுக்கு மாறுகிறார். வரம்பு தானாக 4 ஆகிறது. நீளம் வரம்பைத் தாண்டிவிட்டது என்பதும் தானாகத் தெரிகிறது. "தட்கலில் 4 பேருக்கு மேல் முடியாது, ஒருவரை நீக்குங்கள்" என்று காட்டித் தொடரும் பொத்தானை மங்கவைத்தால் போதும். ஐந்தாமவரை நிரலே சத்தமில்லாமல் நீக்கிவிடுவது சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. பயனர் மனம் மாறிப் பொது ஒதுக்கீட்டுக்குத் திரும்பினால் அவர் தட்டச்சு செய்தது அங்கே இருக்க வேண்டும்.

இதே தவறின் வேறு முகங்களும் உண்டு. பட்டியலில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் திருத்தும் வசதிக்காக, "தேர்ந்தெடுத்த பயணி" என்று அவருடைய முழு விவரத்தையும் இன்னொரு ஸ்டேட்டில் வைப்பார்கள். பட்டியலில் அவர் வயதைத் திருத்தினால் பக்கப் பெட்டியில் பழைய வயதே நிற்கும். அடையாள எண்ணை மட்டும் வையுங்கள். ஆளைப் பட்டியலில் தேடிக்கொள்ளலாம். ப்ராப்ஸாக வந்த மதிப்பை யூஸ்ஸ்டேட்டின் தொடக்க மதிப்பாகக் கொடுப்பதும் இப்படித்தான். தொடக்க மதிப்பு முதல் ஓட்டத்துக்கு மட்டும் என்று பார்த்தோம். பெற்றோர் காம்பொனென்ட் பிறகு வேறு கட்டணத்தை அனுப்பினாலும் உள்ளே பழையதே உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று, "அனுப்புகிறது", "பிழை", "முடிந்தது" என்று மூன்று உண்மை-பொய் மதிப்புகளைத் தனித்தனியே வைப்பது. மூன்று சேர்ந்தால் 8 சேர்க்கைகள். அவற்றில் அர்த்தமுள்ளவை நான்குதான்: இன்னும் தொடங்கவில்லை, போய்க்கொண்டிருக்கிறது, தவறிவிட்டது, முடிந்தது. மீதி நான்கில் ஒன்று, பிழையும் வெற்றியும் ஒரே நேரத்தில். அந்தத் திரையை நீங்கள் வடிவமைக்கவே இல்லை, ஆனால் ஒருநாள் யாரோ ஒரு பயனர் பார்ப்பார். "நிலவரம்" என்று ஒரே ஸ்டேட் வைத்து அதற்கு நான்கு மதிப்புகள் மட்டும் கொடுத்தால் அந்தத் திரைக்கு வழியே இல்லை. நிலவரம் "போய்க்கொண்டிருக்கிறது" என்றால் பொத்தானை மங்கவையுங்கள்; இரட்டைச் சொடுக்கால் இரண்டு முறை பணம் கட்டும் ஆபத்து குறையும். சர்வரிலும் அந்தக் காவல் இருக்க வேண்டும் என்பது தனி விஷயம்.

தமிழில் எழுதும் பெட்டிகளுக்கு இந்த ஒழுங்கு கூடுதலாகப் பயன்படும். கருத்துப் பெட்டிக்குக் கீழே எத்தனை எழுத்துகள் என்று காட்ட நினைத்தால் அதற்கும் தனி ஸ்டேட் வேண்டாம், உரையிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட்டின் நீளத்தை அப்படியே காட்டினால் "தமிழ்" என்பதற்கு 5 வரும். மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. நாம் எண்ணுவது போல 3 வர வேண்டுமானால், இன்றைய முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் இருக்கும், எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் Intl.Segmenter என்ற வசதியைப் பயன்படுத்தலாம். இன்னொரு எச்சரிக்கை: ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ஒரு சொல் உருவாகிக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்கு மாற்ற நிகழ்வுகள் வரும். அந்த நேரத்தில் இடைவெளியை வெட்டுவது, குறிகளை வடிகட்டுவது என்று உங்கள் நிரல் குறுக்கிட்டால் பாதியில் இருக்கும் சொல் சிதறும். பயனர் தட்டியதை அப்படியே ஸ்டேட்டில் வையுங்கள். துப்புரவு செய்த வடிவம் அதிலிருந்து கணக்கிட்டு வரட்டும்.

எங்கே வைப்பது?

ஸ்டேட்டைத் தேவைப்படும் இடத்துக்கு அருகிலேயே வைக்க வேண்டும். பயணி வரிசையில் கூடுதல் விவரப் பெட்டி விரிந்திருக்கிறதா என்பது அந்த வரிசைக்கு மட்டும் வேண்டியது, அங்கேயே இருக்கட்டும். பயணிகள் பட்டியல் வரிசைகளுக்கும் வேண்டும், கட்டணச் சுருக்கத்துக்கும் வேண்டும். அப்படியானால் இருவருக்கும் பொதுவான மேல் காம்பொனென்ட், அதாவது முன்பதிவுப் படிவம், அதை வைத்துக்கொண்டு இருவருக்கும் ப்ராப்ஸாகக் கொடுக்கும். கீழே இருப்பவர் மாற்ற விரும்பினால்? மாற்றும் ஃபங்ஷனையும் ப்ராப்ஸாகக் கொடுத்துவிடலாம். தகவல் மேலிருந்து கீழே வரும், கோரிக்கை கீழிருந்து மேலே போகும். மேலே தூக்கி வைப்பது என்று இதைச் சொல்வார்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் உச்சியில் கொண்டுபோய் வைப்பதும் தவறுதான். ஒரு காம்பொனென்ட்டின் ஸ்டேட் மாறினால் ரியாக்ட் அதையும் அதற்குக் கீழே உள்ளவற்றையும் வழக்கமாகத் திரும்ப ஓட்டும். ஒரு பெட்டியில் ஒவ்வோர் எழுத்தைத் தட்டும்போதும் பக்கம் முழுவதும் ஓடுவது பெரிய பக்கங்களில் உறைக்கும்.

பல அடுக்குகள் தாண்டிக் கொடுக்க வேண்டியிருந்தால், இடையில் உள்ளவற்றின் வழியே கடத்தாமல் நேரடியாகத் தரும் கான்டெக்ஸ்ட் என்ற வசதி ரியாக்டிலேயே இருக்கிறது. இன்னும் பெரிதானால் 2015இல் டான் அப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் உருவாக்கிய ரீடக்ஸ் போன்று ஸ்டேட்டை நிர்வகிக்கும் தனி நூலகங்கள் இருக்கின்றன. முதல் நாளே அவற்றைப் படிக்க வேண்டியதில்லை. யூஸ்ஸ்டேட்டும் மேலே தூக்கி வைப்பதும் எவ்வளவு தூரம் வரும் என்பதை அனுபவித்துவிட்டுப் போங்கள். எதிர்பார்ப்பதைவிட அதிக தூரம் வரும்.

உண்மையில் பலர் ரீடக்ஸுக்குள் கொட்டி வைப்பது ஸ்டேட்டே அல்ல, சர்வரின் தகவல். காலி இருக்கைகளின் எண்ணிக்கைக்கு உரிமையாளர் ரயில்வேயின் சர்வர். நம்மிடம் இருப்பது சற்று முன் எடுத்த பிரதி. வந்து சேரும்போதே அது பழையதாகியிருக்கலாம். எப்போது மறுபடி கேட்பது, எவ்வளவு நேரம் நம்புவது என்ற கேள்விகள் வேறு வகையானவை. அவற்றுக்கு டான்ஸ்டேக் குவெரி போன்ற கருவிகள் பொருத்தம். புறப்படும் ஊர், சேரும் ஊர், தேதி ஆகியவற்றுக்கு நல்ல இடம் உலாவியின் முகவரிப் பட்டைதான். அங்கே இருந்தால் இணைப்பை வீட்டாருக்கு அனுப்பலாம், பின்செல்லும் பொத்தான் வேலை செய்யும், பக்கத்தைப் புதுப்பித்தாலும் தேடல் அழியாது. யூஸ்ஸ்டேட்டில் இருப்பது பக்கத்தைப் புதுப்பித்தவுடன் போய்விடும்.

வரிசைகளின் அடையாளம்

பட்டியலை வரையும்போது ஒவ்வொரு வரிசைக்கும் அதை அடையாளம் காட்டும் "கீ" கொடுக்கச் சொல்லி ரியாக்ட் கன்சோலில் முணுமுணுக்கும். வாயை அடைக்கப் பலரும் வரிசையின் எண்ணை, 0, 1, 2 என்று, கொடுத்துவிடுவார்கள். எச்சரிக்கை மறையும், பிழை மறையாது. மூன்று பயணிகளில் இரண்டாமவரின் கூடுதல் விவரப் பெட்டி விரிந்திருக்கும்போது அவரை நீக்குங்கள். மிச்சம் இருக்கும் வரிசைகளின் கீ 0, 1. "2 காணவில்லை, கடைசி வரிசை போய்விட்டது" என்று ரியாக்ட் புரிந்துகொள்ளும். இரண்டாம் இடத்தின் நினைவு அப்படியே இருக்க, அங்கே மூன்றாமவரின் பெயர் வந்து உட்காரும். அவர் தொடாத பெட்டி விரிந்து நிற்கும்.

பயணியைச் சேர்க்கும் தருணத்திலேயே அவருக்கென்று ஓர் அடையாள எண் கொடுத்து, அதையே கீயாக வைத்தால் தீர்ந்தது. ஆனால் வரையும்போது ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணை உருவாக்கிக் கொடுக்காதீர்கள். ஒவ்வோர் ஓட்டத்திலும் எல்லா வரிசைகளும் புதியவை என்று ரியாக்ட் நினைத்துப் பழையவற்றைக் கலைத்துவிடும். ஓர் எழுத்து தட்டியதும் கர்சர் பெட்டியை விட்டு வெளியே போய்விடும். இதே குணத்தை நல்லதுக்கும் பயன்படுத்தலாம். பயனர் வேறு ரயிலைத் தேர்ந்தெடுத்தால் படிவம் முழுவதும் புதிதாகத் தொடங்க வேண்டுமா? படிவத்துக்கு ரயில் எண்ணைக் கீயாகக் கொடுங்கள். எண் மாறியதும் உள்ளே இருந்த நினைவெல்லாம் தானாக அழிந்துவிடும்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

எவான் யூ 2014இல் வெளியிட்ட வியூவில் பட்டியலுக்குள் நேரடியாகவே புஷ் செய்யலாம். அந்த மாற்றத்தை வியூ கவனித்துக்கொள்ளும். 2020இல் வந்த வியூ 3 இதற்கு ஒரு பொருளில் நடக்கும் மாற்றங்களை இடைமறிக்கும், ஜாவாஸ்கிரிப்ட்டின் ப்ராக்ஸி வசதியைப் பயன்படுத்துகிறது. ரிச் ஹாரிஸின் ஸ்வெல்ட், 2024இல் வந்த 5ஆம் பதிப்பில் எது ஸ்டேட் என்று குறிக்கும் ரூன்ஸ் என்ற குறிகளைக் கொண்டுவந்தது. ஆங்குலர் 2023இல் 16ஆம் பதிப்பிலிருந்து, மதிப்பு மாறியதும் அதைப் பயன்படுத்தும் இடங்களுக்குத் தெரிவிக்கும் சிக்னல்ஸை ஏற்றுக்கொண்டது. இவற்றில் மதிப்பை மாற்றும் விதமும், எது திரும்ப ஓடும் என்பதும் ரியாக்டிலிருந்து வேறுபடும். ஆனால் வியூவிலும் ஆங்குலரிலும் "கம்ப்யூட்டட்", ஸ்வெல்ட்டில் "டிரைவ்ட்" என்று, இருப்பதிலிருந்து கணக்கிட்டு எடுப்பதற்கு ஒரு தனிக் கருவியே வைத்திருக்கிறார்கள். ஒன்றைப் பழகியவர் இன்னொன்றுக்கு மாறும்போது புதிதாகக் கற்க வேண்டியது எழுதும் முறையைத்தான்.

பழகிப் பார்க்க ரியாக்ட் டெவலப்பர் டூல்ஸ் என்ற உலாவி நீட்சியை நிறுவிக்கொள்ளுங்கள். குரோமுக்கும் ஃபயர்பாக்ஸுக்கும் கிடைக்கிறது. அதில் எந்தக் காம்பொனென்ட்டைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் ஸ்டேட் மதிப்புகள் வரிசையாகத் தெரியும். அங்கேயே கையால் மாற்றவும் முடியும். பிழைத் திரை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. "நிலவரம்" மதிப்பை அந்த நீட்சியில் "தவறிவிட்டது" என்று மாற்றினால் போதும்.